ஒரு மாதிரி வகுப்பு

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் ஊறிக் கனிந்து ஒரு விடியற்காலையில் தானாக வெளிப்பட்டதல்ல. போனில் ஆர்டர் கொடுத்து வாங்கப்பட்டது. ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களின், மாணவர்களின் மனநலத்துக்காக ஒரு கையேடு தயாராகிறதாம். அதில் வட்டங்கள் இருக்கின்றன, அம்புக்குறிகள் இருக்கின்றன, பூமி உருண்டையைச் சுற்றிக் கைகோத்து நிற்கும் குழந்தைகள்கூட இருக்கிறார்கள். கதைதான் இல்லையாம்.

தொகுப்பாளர் விளக்கினார். "மேடம், நம்பிக்கை தர்ற கதையா இருக்கணும். ஒரு குழந்தைக்கு மனசு சரியில்ல. டீச்சர் அன்பாப் பேசுறாங்க. குழந்தை சிரிக்குது. அவ்வளவுதான். நீங்க உட்கார்ந்தா அரை நாள் வேலை."

"டீச்சருக்கு மனசு சரியில்லன்னா?" என்று கேட்டேன்.

"அதை அடுத்த பதிப்புல பாத்துக்கலாம் மேடம்."

சரி என்று தலையாட்டினேன். போனில் தலையாட்டுவது அவருக்குத் தெரியாது என்பதால் வாயாலும் சொன்னேன். என் தங்கை மூன்றாம் வகுப்பு ஆசிரியை. சரக்கு வீட்டிலேயே இருக்கும்போது வெளியில் ஏன் அலைய வேண்டும்? பள்ளி விட்டதும் டீ குடிக்க வரச் சொன்னேன். பாசத்தில் கூப்பிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள். நான் கூப்பிட்டது அவள் வாயைப் பிடுங்க.

2

கதை எப்படித் தொடங்குவது?

தொடக்கம் அ: "காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி வகுப்பறை ஜன்னலை மெல்லத் திறந்து..."

(தங்கை எட்டிப் பார்த்தாள். "அக்கா, அந்த ஜன்னல் திறக்காது. முன்னாடி பீரோவை நகர்த்தி வச்சிருக்காங்க." கதிரவனைத் திருப்பி அனுப்பினேன்.)

தொடக்கம் ஆ: "ஆசிரியப் பணி என்பது வெறும் பணியல்ல, அது ஒரு..."

(எழுதும்போதே கொட்டாவி வந்துவிட்டது. அது ஒரு என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.)

தொடக்கம் இ: "அவள் சிறுநீரை அடக்கிக்கொண்டு புன்னகைத்தாள்."

இதுதான் உண்மை. முதல் மணிக்கு உள்ளே போனால் சாப்பாட்டு மணி வரை தங்கை வகுப்பை விட்டு நகர முடியாது. பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. அவள் நகர்ந்த நிமிடத்தில் யாராவது யாரையாவது கடித்து வைப்பார்கள். அதனால் காலையில் தண்ணீரே குடிப்பதில்லை. டாக்டர் திட்டுகிறார். பள்ளிச் சுவரிலோ 'நிறைய தண்ணீர் குடிப்போம், நிறைவாக வாழ்வோம்' என்று ஒரு படம். ஒட்டியது அவளேதான்.

தொகுப்பாளர் இந்தத் தொடக்கத்தை ஏற்கமாட்டார். மனநலக் கையேட்டில் மூத்திரத்துக்கு என்ன வேலை என்பார். நியாயம்தான், மனசு வேறு இடத்தில் அல்லவா இருக்கிறது!

3

பாத்திரங்களை அறிமுகம் செய்துவிடுகிறேன். ஒருத்தி தங்கை. இன்னொருத்தி ஒரு எட்டு வயதுப் பெண், மேசைக்கு அடியில் இருப்பவள். ஆமாம், அடியில்தான். டீச்சரின் மேசைக்கு அடியில் புத்தகப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து யாரோடும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிள்ளைகள் அவளுக்குப் 'பூனை' என்று பேர் வைத்திருந்தார்கள். அப்படிக் கூப்பிடக் கூடாது என்று தங்கை தடை போட்டாள். தடை போட்ட அன்றுதான் அந்தப் பிள்ளைக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது என்பது தெரிந்தது, முகம் தொங்கிவிட்டதாம்.

இங்கே எனக்கு ஒரு சிக்கல். வாசகர் காரணம் கேட்பார். ஏன் பேசவில்லை, வீட்டில் என்ன பிரச்சினை, அப்பா எப்படி, அம்மா எங்கே. குடிகார அப்பா ஒருவரைத் தயார் செய்தேன். பிறகு அவரைப் பேனாவால் அடித்துவிட்டு, நோயாளி அம்மா ஒருவரை...

"ரெண்டும் இல்லக்கா. காரணம் எனக்குத் தெரியாது."

"தெரியாமலேயா இத்தனை நாள் வச்சிருக்க?"

"கேட்டா சொல்லுவாளா? பேசவே மாட்டேங்குறான்னுதானே சொல்றேன்! நீ கதையாவது ஒழுங்காக் கேளேன்க்கா."

(வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

வகுப்புச் சுவரில் ஒரு முகப்பலகை உண்டு. சிரிக்கும் முகம், அழும் முகம், கோப முகம். காலையில் பிள்ளைகள் உள்ளே வந்ததும் தங்கள் பேர் எழுதிய கிளிப்பைப் பொருத்தமான முகத்தில் மாட்ட வேண்டும். டீச்சருக்கும் ஒரு கிளிப் உண்டு. அது சிரிக்கும் முகத்தில் பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. விழுந்துவிடக் கூடாதாம். பூனையின் கிளிப் மட்டும் எந்த முகத்திலும் இருக்காது. பலகையின் ஓரக் கட்டையைக் கவ்விக்கொண்டிருக்கும்.

ஒருநாள் தங்கைக்குத் தலை வெடித்தது. பிள்ளைகள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள், அதாவது பக்கத்தில் இருப்பவர் மேல் வரைந்துகொண்டிருந்தார்கள். கண்ணில் தண்ணீர் முட்டியது. பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாது. வெளியே போகவும் வழியில்லை. கீழே விழாத சாக்பீஸைத் தேடுகிற பாவனையில் குனிந்து மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். பூனை கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. பிறகு, சேர்ந்ததிலிருந்து முதல் முறையாக, வாயைத் திறந்தது.

"டீச்சர், உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கா?"

"ஆமா கண்ணு."

"எனக்கும்."

அவ்வளவுதான். அதன் பிறகு தினமும் காலையில் தங்கை ஒரு நிமிடம் கீழே குனிவாள். பூனை ஏதாவது சொல்லும். ஒருநாள் செருப்பு கடிக்கிறது என்றது. இன்னொரு நாள் கனவில் பஸ் வந்தது என்றது. இதைச் சொல்லும்போது தங்கையின் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. என்னிடம் அவள் அப்படிப் பேசி எவ்வளவு நாளாகிறது!

* 'ஒரு மாதிரி' பற்றி ஒரு அடிக்குறிப்பு. இது அழுகை இல்லை, கோபம் இல்லை, காய்ச்சலும் இல்லை. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு என்று ஒருவர் சொன்னால் நாம் மேற்கொண்டு கேட்பதில்லை, படுத்துக்கோ என்போம். இதற்குப் பலகையில் முகம் கிடையாது. அச்சடித்தவர்களுக்கு ஒரு மாதிரியாக இருந்ததே இல்லை போலும். அலுவலக பாஷையில் மாதிரி என்றால் வேறு. மாதிரி வினாத்தாள், மாதிரிப் பள்ளி, மாதிரி வகுப்பு. அதாவது, பார்த்துக் காப்பி அடிக்க வேண்டியது. இந்த இரண்டு மாதிரியும் ஒருநாள் நேருக்கு நேர் மோதிக்கொண்டன.

4

மோதிய இடம் பள்ளி நடைபாதை. பெரிய டீச்சர் (அதாவது தலைமையாசிரியை; பிள்ளைகள் வைத்த பேர்) மேலிடத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். மனநலத்தில் முன்னணியில் நிற்கும் மாதிரி வகுப்பு உங்கள் பள்ளியில் ஏதாவது உண்டா என்று மேலிடம் கேட்கிறது. அந்த நேரம் பார்த்துத் தங்கை கடந்து போகிறாள். பெரிய டீச்சர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "உங்க கிளாஸ் எப்படி?" என்றார்.

"ஒரு மாதிரிதான் மேடம்," என்றாள் தங்கை.

பெரிய டீச்சர் கையை எடுத்தார். "இருக்குங்க! மூணாம் வகுப்பு! மாதிரிதான்னு டீச்சரே சொல்றாங்க!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தங்கை சிரிக்கவில்லை. "உனக்கென்னக்கா, சிரிப்ப," என்றாள்.

(இந்த இடத்தில் பெரிய டீச்சரை வில்லியாக்கப் பார்த்தேன். புருவத்தைத் தூக்கிவிட்டேன், குரலில் கொஞ்சம் விஷம்... ஒட்டவில்லை. அவர் மேசை இழுப்பறையில் ரத்த அழுத்த மாத்திரை இருக்கிறது. மேலிடம் கூப்பிட்டால் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று பேசுவார். அவருக்கும் ஒரு மேசையடி தேவை.)

வில்லி இல்லை என்பதற்காக வேலை நடக்காமல் இல்லை. மாதிரி வகுப்பைப் பார்க்க மேலிடத்திலிருந்து ஒரு அம்மா வருவதாக நாள் குறித்துவிட்டார்கள். மறுநாளே முகப்பலகையிலிருந்து அழும் முகமும் கோப முகமும் கழற்றப்பட்டன. பாக்க நல்லா இல்லையாம். எல்லாக் கிளிப்பும் சிரிக்கும் முகத்தில் தொங்க, அதன் வாயே தெரியாமல் போனது.

"அந்தப் பிள்ளைக்கு அன்னைக்கு மட்டும் லீவு போடச் சொல்லலாமா?" என்று பெரிய டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அவ வரலன்னா நானும் வரல மேடம்," என்றாள் தங்கை.

என் தங்கை அப்படிச் சொன்னாள்! சின்ன வயதில் பல்லிக்குப் பயந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தவள்.

5

பார்வையாளர் அம்மா வந்தார். கூடவே போட்டோ எடுக்க ஒருவர். பிள்ளைகள் பாடினார்கள், மூச்சை இழுத்து விட்டுக் காட்டினார்கள், நான் என்னை நேசிக்கிறேன் என்று ஒரே குரலில் கத்தினார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அப்போது மேசைக்கு அடியில் இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன.

பார்வையாளர் குனிந்தார். நல்ல மனுஷிதான், தேன் குரல். "கண்ணா, உனக்கு இப்ப எப்படி இருக்கு?"

பூனை டீச்சரைப் பார்த்தது. டீச்சர் தலையசைத்தாள். பூனை வாயைத் திறந்து, தெளிவாக, ஒரு வெளியாளிடம், முதல் முறையாகச் சொன்னது:

"ஒரு மாதிரி."

பார்வையாளர் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. "கேட்டீங்களா? மாதிரி வகுப்புல இருக்கோம்னு இந்தக் குழந்தைக்கே தெரிஞ்சிருக்கு!" என்று கை தட்டினார். பெரிய டீச்சர் தட்டினார். போட்டோக்காரர் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுத் தட்டினார். கை தட்டச் சொன்னால் போதுமே, வகுப்பு முழுக்கத் தட்டியது. பூனை காதைப் பொத்திக்கொண்டு பைக்குள் முகத்தைப் புதைத்தது.

"வெளியாள்கிட்ட முதல் தடவை பேசினாக்கா," என்றாள் தங்கை. "கை தட்டியே அதை அமுக்கிட்டாங்க."

நான் சிரிப்பதை நிறுத்தியது அப்போதுதான். அவள் டீ ஆறிப்போயிருந்தது.

6

முடிவுகள்.

முடிவு அ (தொகுப்பாளருக்குப் பிடித்தது): பார்வையாளரும் மேசைக்கு அடியில் போய் உட்கார்கிறார். மூவரும் சிரிக்கிறார்கள். (அந்த மேசைக்கு அடியில் மூன்று பேருக்கு இடம் கிடையாது.)

முடிவு ஆ (எனக்குப் பிடித்தது): தங்கை பொங்கி எழுந்து ஒரு பக்கம் வசனம் பேசுகிறாள். பார்வையாளர் முகத்தில் ஈயாடவில்லை. ("நான் வசனம் பேசிட்டு இருந்தா அந்த நேரம் கிளாஸை நீ வந்து பாத்துக்குவியா?" என்று கேட்டாள். வெட்டிவிட்டேன்.)

நடந்தது: தங்கைக்குப் பரிசு. மற்ற பள்ளி ஆசிரியர்களுக்கு மனநலப் பயிற்சி கொடுக்கும் பயிற்சியாளராக அவளை நியமித்துவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து அலுவலகத்தில் நாற்காலி. மூன்றாம் வகுப்புக்கு ஒரு பதிலி ஆசிரியர் வருவார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாமாம், கட்டாயமில்லை.

தொகுப்பாளரிடம் போனில் இதைச் சொன்னேன். "அருமை மேடம்! டீச்சருக்குப் பதவி உயர்வு! இதைவிட நம்பிக்கை தர்ற முடிவு எங்க கிடைக்கும்?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறாள், எனக்குத் தெரியும். என் கதாநாயகி அல்லவா! அந்த வாக்கியத்தை எழுதவும் தொடங்கிவிட்டேன்: "தன் ஒற்றை மாணவிக்காக அவள் அந்தப் பதவியைத் தூக்கி எறிந்..."

"போறேன்க்கா," என்றாள்.

பேனா நின்றது.

"உத்தரவைப் படிச்சதும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? இனி தண்ணி குடிக்கலாம்னு. அவ ஞாபகமே வரல. அப்புறம்தான் வந்துச்சு." அழுதாள். மூக்கை என் துப்பட்டாவிலேயே துடைத்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்ச நாள் அங்க இருந்தா நான் உடைஞ்சு போயிடுவேன். போனா அவ பழையபடி வாயை மூடிக்குவா. ரெண்டும் எனக்குத் தெரியுது. தெரிஞ்சேதான் போறேன். நான் கெட்டவளாக்கா?"

"இல்லடி," என்றேன். என் தங்கை பிழைக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அந்தப் பிள்ளையும் பிழைக்க வேண்டும். இரண்டையும் ஒரே கதையில் எழுத எனக்குத் தெரியவில்லை.

7

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள். "நீ எந்த முடிவை வேணா போட்டுக்கோ, எனக்குக் கவலை இல்ல. ஆனா நாளைக்கு வெள்ளிக்கிழமை, எனக்குக் கடைசி நாள். அந்தப் பிள்ளைகிட்ட நான் சொல்றதுக்கு ஒரே ஒரு வரி எழுதிக் குடு. இத்தனை புக்கு எழுதியிருக்கல்ல?"

உட்கார்ந்தேன்.

"கண்ணு, டீச்சர் கொஞ்ச நாள்ல திரும்பி..." (பொய்.)

"புது டீச்சரும் ரொம்ப நல்லவங்க, அவங்களும் உன்கூட..." (அவர் யாரென்றே தெரியாது. முட்டி மடங்காதவராக இருந்தால்?)

"நீ இனிமே எல்லார்கிட்டயும் பேசணும், சரியா..." (கையேடு பேசுகிறது.)

"உன் மேல தப்பு இல்ல, டீச்சருக்குத்தான்..."

இதைத் தங்கைக்குப் போனில் படித்துக் காட்டினேன். "தப்பு இல்லன்னு சொன்னாலே, தப்பு இருக்கோன்னு நினைச்சுக்குவா," என்றாள்.

என்னால் முடியவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, வெட்கத்தோடு சொல்கிறேன். கதையை இங்கே வைத்துவிட்டு எழுந்துகொள்கிறேன். நீங்கள் ஓசியில் இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், கொஞ்சம் வேலை செய்யுங்கள். முடிவெல்லாம் வேண்டாம், ஒரு வரி போதும். நின்றுகொண்டு சொல்ல முடியாது, மண்டியிட வேண்டியிருக்கும். அவள் கொஞ்சம் நகர்ந்து உங்களுக்கு இடம் விடுவாள். இன்றைக்கு என்ன கனவு வந்தது என்று அவளே ஆரம்பிப்பாள், முழுக்கக் கேளுங்கள். அவள் முடித்ததும்,

சொல்லுங்கள்.