வெள்ளைப் பட்டில் மூன்று சொட்டு

ஷபியுல்லா ஒரு வண்டியைப் பார்க்கக் கிளம்பினார் என்றால் அன்றைக்கு அந்த வண்டிக்குத்தான் நேரம் சரியில்லை. இரண்டு வருடத்தில் வீடு மாதிரி உள்ளேயே படுத்து, சமைத்துக்கொள்ளும் பழைய கேம்பர் வேன்கள் ஐந்தைப் பார்த்து, ஐந்தையும் கழித்துக் கட்டிவிட்டார். ஒன்றில் துரு. ஒன்றில் புகை. இன்னொன்றில் விற்கிறவனுடைய முழி சரியில்லையாம். முழியை வைத்தா வண்டி ஓட்டப் போகிறோம் என்று அவர் மனைவி ஷஹர்பானு கேட்டுப் பார்த்தாள். "உனுக்கு ஒண்ணும் தெரியாது, கம்முனு இரு" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. மூன்று வருடத்துக்கு முன் நடந்த ஆபரேஷனுக்குப் பிறகு அரை மணிக்கு ஒரு தரம் அவள் பாத்ரூம் போயாக வேண்டும். மகள் அம்பரீன் இருப்பதோ கிருஷ்ணகிரியில். அந்த ஊருக்கு ரயிலும் கிடையாது. ஒரே ஒரு முறை துணிந்து பஸ் ஏறினார்கள். ஆற்காடு தாண்டுவதற்குள் உடுத்தியிருந்த துணி நனைந்துபோனது. அதோடு சரி, வெளியூர் என்ற பேச்சே இல்லை. மகளைத் தலைப்பிரசவத்துக்குக்கூட அழைத்துவர முடியவில்லை. அங்கே அவளுடைய மாமியார் படுத்த படுக்கை என்பதால் மகளாலும் வர முடியவில்லை. பேரனுக்கு ஒன்றரை வயதாகிறது. அவனைப் பாட்டி போனில்தான் பார்த்திருக்கிறாள். உள்ளேயே பாத்ரூம் வைத்த வண்டி என்றால் ஒரு நடை போய் அவனைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டு வரலாம்.

ஆறாவது வண்டி வாலாஜாபாத்தில், ஒரு ரைஸ் மில்லுக்குப் பின்னால் நின்றது. பதினைந்து வருடத்து வேன். இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மூலையில் கதவு போட்ட பாத்ரூம். வண்டிக்குச் சொந்தக்காரன் கமல், முப்பது வயது டிரைவர்.

"நல்ல வண்டியை எதுக்குபா விக்கற?" ஆட்டோவை விட்டு இறங்கியதும் ஷபியுல்லா கேட்ட முதல் கேள்வி.

"கம்பெனில வேலை கிடைச்சுது பாய். டூர் ஓட்டறதுக்கு நேரம் இல்ல."

"ம்ம்" என்றார். அந்த 'ம்ம்'மில் ஒரு போலீஸ் ஸ்டேஷனே இருந்தது.

பையிலிருந்து காந்தத்தை எடுத்து வண்டியின் உடம்பெல்லாம் ஒட்டிப் பார்த்தார். பெயின்டுக்கு அடியில் பட்டி பூசி ஓட்டையை மறைத்திருந்தால் அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது. எல்லா இடத்திலும் சப்பென்று ஒட்டியது. பானட்டின் மேல் கையை வைத்தார்.

"சூடா இருக்குதே! நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சியா?"

"வெயில்ல நிக்குது பாய். உங்க தலை கூட சூடாத்தான் இருக்கும்."

ஷஹர்பானு சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்தார், கேஸ் டியூபை வளைத்தார், டயரை நகத்தால் கீறினார். வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்களே, அந்தப் பாடு பட்டது வண்டி. ஆனாலும் ஒரு குற்றம் அகப்படவில்லை.

அப்போதுதான் ஷஹர்பானு ஒன்றைக் கவனித்தாள். ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க மனுஷனின் முகம் தெளியவில்லை. வாடிக்கொண்டே போனது. வண்டி நன்றாக இருந்தால் இவருக்கு என்ன கஷ்டம்?

கடைசியாக அவருடைய சொந்தச் சோதனை. சாயம் போடாத வெள்ளைப் பட்டுத் துண்டு ஒன்றைப் படுக்கையில் விரித்தார். பட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் காய்ந்தபின் வட்டம் கட்டி நிற்கும். கமல் மேலே ஏறிக் கூரையில் நான்கு குடம் ஊற்றினான். கால் மணி கழித்து, தண்ணீர் பாட்டிலும் கையுமாக ஷபியுல்லா மட்டும் உள்ளே போனார். வெளியே வர இன்னொரு கால் மணி ஆனது. அதற்குள் ஷஹர்பானு ஒரு தரம் மில் பாத்ரூமுக்குப் போய்வந்துவிட்டாள்.

"நான் எதையும் தொடல, நீயே பாரு" என்று கமலிடம் துண்டை நீட்டினார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற மாதிரி இருந்தது. தொட்டாயா என்று யார் கேட்டார்கள்?

பட்டில் வரிசையாக மூன்று வட்டம்.

"ஒழுகுது. கிளம்பு, போலாம்."

கமலுக்கு அழுகையே வந்துவிட்டது. "இன்னா பாய் இது! போன மழைல நான் இதுலதான் படுத்துக்கினு இருந்தேன். ஒரு சொட்டு இறங்கல."

ஷஹர்பானு துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். முப்பது வருடமாகத் தறியிலிருந்து இறங்கும் புடவைகளைக் கடைக்காரர்கள் கறை பார்க்கக் கொடுப்பது அவளிடம்தான். எண்ணெயா, வேர்வையா, டீயா, நெய்தவன் கையா, மடித்தவன் கையா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வாள்.

"கூரைத் தண்ணின்னா துருவும் புழுதியும் சேர்ந்து பழுப்பா இறங்கும். இது பளிச்சுனு இருக்குது" என்றாள். "மேலேர்ந்து விழுந்தா சுத்தி தெறிக்கும். இது அழுத்தி வெச்சது. மூணு விரலு." துண்டை இறக்கி அவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அந்த அஞ்சு வண்டியும் இப்படித்தானா?"

கமல் மெல்ல நகர்ந்து பம்ப்செட் பக்கம் போய்விட்டான்.

"அன்னிக்கு பஸ்ஸே உன்னைத் திரும்பிப் பார்த்துச்சு பானு. மறைக்க ஒரு துண்டு கூட இல்லாம மரம் மாதிரி நின்னேன். இன்னொரு வாட்டி அப்படி ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

"நனைஞ்சது என் துணி. ஊரு பார்த்தது என்னை. நானே போறேன்னு சொல்றேன், உங்களுக்கு இன்னா? ரெண்டு வருஷமா என்னை ஏமாத்திட்டீங்களே!" கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. துண்டை அவர் தோளில் எறிந்துவிட்டு வண்டிக்குள் ஏறினாள். பாத்ரூம் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

"வண்டிய எடுங்க!" உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். "பாலாத்து பாலம் வரைக்கும்!"

கமல் ஓடிவந்து சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் தொற்றிக்கொண்டான். ஷபியுல்லா முட்டையை ஏற்றிக்கொண்டு போகிறவர் போல மெதுவாக ஓட்டினார். பாலத்துக்கு முன்பே அவள் வெளியே வந்து, பின்னால் படுக்கையில் உட்கார்ந்தாள். நனையாத துணி. கழுவிய முகம். கண்ணாடியில் அவர் பார்த்தார், அவள் பார்க்கவில்லை.

"பாய், பாலம் தாண்டிட்டோம். திருப்பலாமே" என்றான் கமல்.

"தெரியுதுபா. அரை மணி ஆவட்டும்."

அரை மணி ஆனது. ஷஹர்பானு எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய், தாழ்ப்பாள் போட்டாள். வண்டி நிற்கவில்லை.