கீழே இறக்குகிற சர்க்யூட்

எங்கள் மாடியில் குடியிருக்கும் ஆனந்தராஜ், விழுப்புரத்து மெல்லிசைக்குழு ஒன்றில் கிட்டார் வாசிக்கிறான். தலைமுடியை வைத்துப் பார்த்தால் குழுவே அவனுடையது என்று தோன்றும். அதே குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் தாண்டவராயன். திண்டிவனத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கடைக்கு ஆள் வருவது குறைவு. மேடைதான் அவருக்குச் சோறு, மரியாதை, மீசை எல்லாம்.

ஆனந்தராஜுக்கு திடீரென்று ஓர் ஆசை. காலால் மிதித்தால் கிட்டாரின் குரலையே மாற்றுகிற ஆக்டேவ் பெடல் செய்ய வேண்டுமாம். இன்டர்நெட்டிலிருந்து இரண்டு சர்க்யூட் படங்களை எடுத்து வைத்திருந்தான். ஒன்று ஸ்வரத்தை மேல் ஸ்தாயிக்கு ஏற்றிக் கீச்சிட வைக்கும். மற்றது கீழ் ஸ்தாயிக்கு இறக்கி உறும வைக்கும். இறக்குவதைச் செய்தால் ஒரே கிட்டாரில் பேஸும் வந்துவிடும். அப்புறம் மேடையில் தாண்டவராயன் எதற்கு? குழம்பு தாளித்துக்கொண்டிருந்த எனக்கே புரிந்தது. ஆனால் சாலிடர் வைக்கத் தெரிந்த ஆள் என்று அவன் படங்களை எடுத்துப் போனது தாண்டவராயனிடமேதான்.

நானும் மிக்சியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். மிக்சி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

தாண்டவராயன் இரண்டு படங்களையும் வெகுநேரம் பார்த்தார். மேலே ஏற்றுவதுதான் எடுப்பாக இருக்கும், கீழே இறக்குகிற சர்க்யூட் ஒரு நேரத்தில் ஒரு தந்திக்குத்தான் கட்டுப்படும், சேர்த்து மீட்டினால் உளறும் என்று பொறுமையாகச் சொன்னார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"கீழ போறதே போடுங்கண்ணே," என்றான் ஆனந்தராஜ், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சரி தம்பி."

அவ்வளவுதான். மனுஷன் ஒரு சத்தமாவது போட்டிருக்கலாம். அந்தச் 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை.

மிக்சியைத் திரும்ப வாங்கப் போனபோது பெடல் பாதி முடிந்திருந்தது. பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில், எல்இடி பல்பின் வயிற்றிலிருந்து பிடுங்கிய சின்ன சர்க்யூட் பலகை உட்கார்ந்திருந்தது. இந்த மாதிரிப் பலகையில் வீட்டுக் கரண்ட் நேராக வரும், கை வைத்தால் ஆள் காலி என்று முன்பு என்னை எச்சரித்தவரே அவர்தான். அதைக் கேட்டேன். பேட்டரி தீர்ந்துபோகிற பேஜாரு இல்லையே என்றார். பிறகு ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே சொன்னார்:

"தம்பி செருப்பு போட்டுக்கினுதானக்கா வாசிக்குது."

அடுத்த கச்சேரி மேல்மலையனூரில், அமாவாசைக்கு. கோயில் எல்லைக்குள் போட்ட மேடையில் ஒருவரும் செருப்போடு ஏற மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும்.

ஆனந்தராஜிடம் சொன்னேன். தெரு முழுக்கச் சொன்னேன். யார் வீட்டுச் சம்பந்தம் முறிந்தது என்று நான் சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் நம்பிய தெரு, இதற்கு மட்டும் சிரித்தது. பெடலைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு ஆனந்தராஜ் படியேறிப் போய்விட்டான்.

அமாவாசையன்று குழுவின் வேனிலேயே நானும் தொற்றிக்கொண்டேன். சாமி கும்பிடத்தான். மாலையில் புழுதி அடங்க மைதானத்துக்குத் தண்ணீர் அடித்திருந்தார்கள். மேடைப் பலகையும் ஊறிக் கிடந்தது. தாண்டவராயனை யாரும் மேலே கூப்பிடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில், கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனந்தராஜ் வெறுங்காலோடு ஏறினான். கிட்டாரை மாட்டினான். பெடலின் ஒயரைப் பிளக் பாயின்ட்டில் செருகிவிட்டு, சுவிட்சைப் போடச் சொல்லி மைக்செட்காரருக்குத் தலையாட்டினான்.

தாண்டவராயன் பாய்ந்து ஏறி ஒயரைப் பிடுங்கினார்.

பொறாமை பிடித்த ஆள் என்று டிரம்ஸ்காரன் திட்டினான். மைக்செட்காரர் அவரைத் தோளைப் பிடித்துக் கீழே தள்ளினார். ஆனந்தராஜ் ஒயரை எடுத்து மறுபடி செருகக் குனிந்தான்.

"செருகாத தம்பி. நேரா கரண்ட் வெச்சிருக்கேன். நாந்தான் வெச்சேன்."

கோயில் பக்கமிருந்து பம்பைச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. இவ்வளவு நாள் தொண்டை கிழியச் சொன்ன என் பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை. ஆனந்தராஜ் நிமிர்ந்தான். ஒயர் இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"எப்பண்ணே முடிவு பண்ணீங்க?"

"கீழ போறதே போடுங்கன்னியே, அப்பவே."

ஆனந்தராஜ் ஈரப் பலகையிலிருந்து ஒரு காலைத் தூக்கி, மறு கால்மேல் வைத்துக்கொண்டு நின்றான்.