இனியனின் ரத்தப் படிவம்

மார்ச் 4, புதன்.

திங்கட்கிழமை இனியனுக்கு ரத்தம் எடுத்தபோது, ‘உட்கொள்ளும் மருந்து, சத்துப் பொருள்’ என்ற இடத்தில் வெறும் கோடு போட்டுவிட்டேன். மூன்று மாதமாக அவன் தசை வலுவுக்கென்று கிரியேட்டின் பவுடர் கரைத்துக் குடிப்பது எனக்குத் தெரியும். சின்னப் பிழைதான் என்று நினைத்தேன்.

இனியன் என் சித்தி மகன். கால்பந்தில் முன்வரிசை ஆட்டக்காரன். ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் மாவட்ட அணித் தேர்வு, அதற்காகத்தான் பரிசோதனை. நான் பகலில் வேலை பழகும் லேப்புக்கே வந்தான்.

“எழுதிடாதக்கா. பவுடர் சாப்புடறவன் டீம்ல வேணாம்னு கோச் சொல்லிக்கினு இருக்காரு.”

பயிற்சியாளர் விநாயகத்துக்குப் பவுடர் என்றாலே ஊக்கமருந்துதான். கிரியேட்டின் தடை செய்யப்பட்ட பொருள் அல்ல என்று படித்திருக்கிறேன். அவரிடம் அதைச் சொல்லப் பயந்து கோடு போட்டேன்.

இன்று காலை முடிவு வந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 1.6. இருக்க வேண்டியதைவிட அதிகம்.

இனியனின் அப்பா, என் சித்தப்பா, சிறுநீரகம் கெட்டு இரண்டு வருடம் டயாலிசிஸ் செய்துகொண்டு இறந்தவர். காத்தாயி சித்தி இனியனின் பூட்ஸை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடி, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஒரு நம்பருக்காம்மா இப்டி?”

“உங்க நைனாவுக்கும் ஒரு நம்பர்லதான்டா ஆரம்பிச்சுது. பந்தும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

லேப் படிப்பின் மாலை வகுப்பில் இன்று சிறுநீரகப் பரிசோதனைதான் பாடம். கிரியேட்டின் பவுடர் உடம்பில் இதே கழிவாக மாறும். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் எண் ஏறலாம். திங்களன்று அவன் எங்கள் ஊர்க் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைப்படியை எட்டு தடவை ஓடி ஏறிவிட்டு, வியர்வை காயாமல் வந்து கையை நீட்டினான். கடுமையாக ஓடினாலும் இந்த எண் ஏறலாம்; அதையும் நான் குறிக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பிடித்துச் சொன்னேன்.

“அப்ப பவுடராலதான், கிட்னிக்கு ஒண்ணுமில்லன்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லிடு. கோச்சுக்குத் தெரிய வேணாம்.”

“கிட்னிக்கு ஒண்ணுமில்லன்னு எனக்கு எப்டிடா தெரியும்?”

“லேப்புக்குத்தான படிக்கற? இல்ல எனக்கு ஆப்பு வைக்கப் படிக்கறியா?”

அந்த எண்ணில் பவுடர் எவ்வளவு, அவன் அப்பாவிடமிருந்து வந்தது எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது. பவுடரை நிறுத்தி, சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தால்தான் தெரியும். அதற்குள் தேர்வு முடிந்துவிடும். திங்களன்றே எழுதியிருந்தால் டாக்டர் அன்றைக்கு ரத்தம் எடுக்க வேண்டாம் என்றிருப்பாரோ, வேறு பரிசோதனை சொல்லியிருப்பாரோ, தெரியவில்லை.

“அப்ப ஞாயித்துக்கெழம?”

“இந்த வாட்டி போவ முடியாதுடா.”

எதிரே நின்ற அனந்தபுரம் பஸ் கிளம்பிப் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்க்காமல் நடந்தான்.

நாளை: காலை ஏழரைக்கு லேப்பில் படிவத்தைத் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும். எட்டரைக்குச் சித்தியோடும் இனியனோடும் டாக்டரிடம் போக வேண்டும். பவுடர் டப்பாவை எடுத்துக்கொள்ள வேண்டும். மாலை விநாயகத்திடம் நானே சொல்ல வேண்டும்.