ஷூ கயிறு

"இங்கயே முடிச்சிரச் சொல்லுக்கா, வீட்டுக்கெல்லாம் தூக்கிட்டு..."

"முடிக்க அவன் என்ன பாதியில விட்ட வேலையாடா? கூடப் பொறந்தவன்..."

"அப்பாவும் நம்மளப் பெத்தவர்தான்! அவரையே கொன்னவன..."

"மெல்லப் பேசு. வாசல்ல நிக்கிறோம்."

சின்னவன் அடங்கவில்லை. "ஏழு வருஷமா வேணாம்னு எழுதிக் குடுத்தது நீதான? இப்ப என்ன பாசம் பொத்துக்கிட்டு வருது?" என்றவன் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

பெரியவள் தனியாக உள்ளே போனாள். இரண்டு இரும்புக் கதவு. ஒன்றைப் பூட்டிய பிறகுதான் அடுத்ததைத் திறப்பார்கள்.

புத்தி பிசகிச் செய்த கொலை என்று, தம்பியை ஜெயிலுக்கு அனுப்பாமல் இந்தப் பூட்டிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தது கோர்ட். பத்தொன்பது வருஷம். குணமாகிவிட்டான், வீட்டில் ஏற்றுக்கொள்வீர்களா என்று கடைசி ஏழு வருஷமும், வெளியே விடுவதை முடிவு செய்யும் கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. 'இயலாது' என்றுதான் அவளும் எழுதினாள். அது அவனுக்குத் தெரியுமா? இன்று காலை பல் துலக்கும்போது நெஞ்சடைத்துப் போய்விட்டான் என்று போன் வந்ததிலிருந்து அவளை அரிப்பது அது ஒன்றுதான்.

மேஜைமேல், கடிதத்தோடு வரும் அதே படிவம். 'நோயாளி' என்பதை அடித்துவிட்டுப் பேனாவால் 'உடல்' என்று எழுதியிருந்தார்கள். ஏற்றுக்கொள்கிறேன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

நரைத்த வார்டு ஊழியர் ஒரு ஜோடி ஷூவையும் காகித உறையையும் நீட்டினார். "ஷூ கயிறும்மா. சேர்க்கிற அன்னைக்கே உருவிடுவோம். கழுத்துல மாட்டிக்கக் கூடாதுல்ல."

"இத்தன வருஷமா வச்சிருந்தீங்களா?"

"கமிட்டி கூடுற அன்னைக்குக் கேட்டு வாங்கிக் கோத்துக்குவாரு. முடிச்சுதான் வராது. 'அக்கா வந்து போடும்'னு அப்படியே உக்காந்திருப்பாரு. சாயங்காலமானா அவரே உருவிக் குடுத்துருவாரு."

"நான் எழுதினது... அவனுக்கு..."

"தபால் வரலன்னுதாம்மா சொல்லுவேன்."

"நம்பினானா?"

"சிரிப்பாரு. 'எங்கக்கா எதையும் யோசிச்சுத்தான் எழுதும்'பாரு."

அவர் தம்பி கிடந்த தள்ளுவண்டியருகே ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு வெளியே போனார்.

கயிறு அதிகம் தேயாமல் புதிதாகவே இருந்தது. ஓட்டை கண்ணுக்குத் தெரியாமல் நான்கைந்து தடவை தவறியது. கோத்த ஷூவை விறைத்த பாதங்களில் மெல்லச் செருகினாள். ஆறாம் வகுப்பு வரைக்கும் அவனுக்கு அவள்தான் கட்டிவிடுவாள். குனிந்து, இரண்டு கண்ணி விட்டு முடிச்சுப் போட்டாள்.

"இறுக்கமா இருக்காடா?"