கொற்கைக் களிமண்

கொற்கையில் அந்த வாழைத்தோட்டத்து வரப்போரம் கார் வந்து நின்றபோது, ஸமீஹாவின் வாயில் மண் இருந்தது.

நான்கு மீட்டர் ஆழத்திலிருந்து துளைக்குழாய் அப்போதுதான் மேலே கொண்டுவந்த மண். முன்பல்லில் வைத்துக் கடிக்கும்போது நறநறத்தால் ஆறு கொண்டுவந்த வண்டல். வெண்ணெயாக வழுக்கினால், கடல் அசையாமல் கிடந்த காலத்துக் களிமண். ஜியாலஜி படிக்கிறவர்கள் முதல் வருடமே பழகிவிடும் வேலை. இன்றைக்குப் பல கிலோமீட்டர் விலகிப்போன கடல் அன்று எதுவரை நின்றது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

காரிலிருந்து இறங்கியவர் ஜமீலா பீவி, அடுத்த மாதம் அவளுக்கு மாமியாராகப் போகிறவர். பின்னாலேயே துபாயிலிருந்து லீவில் வந்திருந்த மாப்பிள்ளை உசாமா. ஸமீஹா மண்ணைத் துப்பிவிட்டு ஸலாம் சொன்னாள்.

“வ அலைக்கும் ஸலாம். அப்போ நெசந்தான்,” என்றார் ஜமீலா பீவி. “கல்யாணம் ஆகாத பிள்ள வயக்காட்டுல நின்னு மண்ணு திங்குதுன்னு தெருவெல்லாம் பேச்சு. பொம்பள எப்போ மண்ணு திம்பான்னு ஊருக்குத் தெரியாதா? எத்தனை மாசம்னு எங்கிட்டயே கேக்காளுவ.”

“நீங்க என்ன சொன்னீங்க மாமி?”

ஜமீலா பீவி வரப்பில் ஓரடி கிட்டே வந்தார். “நான் சந்தேகப்படலம்மா. ஆஸ்பத்திரில ஒரே ஒரு டெஸ்ட். அதைக் காமிச்சு ஊரு வாயை நான் அடைக்கேன். இந்தக் காடு மேடு சுத்துததையும் இதோட விட்டுரு.”

குரலில் பாசம் இருந்தது. ஸமீஹாவைக் கலக்கியதும் அதுதான். நிச்சயத்தன்று அவள் விரலில் மோதிரம் போட்டு, நெற்றியில் முத்தம் கொடுத்தவர் அவர்.

“மண்ணைப் பத்திக் கேளுங்க மாமி, நூறு டெஸ்ட் எடுத்துக் காமிக்கேன். என்னைப் பத்தி ஒண்ணுகூடக் காமிக்க மாட்டேன். வேலையையும் விட மாட்டேன்.”

“நிக்காஹ் நின்னு போனா?”

“அழுவேன். அழுதுட்டு அடுத்த குழியைத் தோண்டுவேன்.”

குழாயின் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்த தோட்டக்காரர் கருத்தையா, வானத்தில் எதையோ தேடுவதுபோல் அண்ணாந்து பார்த்தார்.

குழாயைத் திருகும்போது விரல் நசுங்கும் என்று மோதிரத்தைக் கழற்றி, மண் எடுத்துவைக்கும் சின்ன பிளாஸ்டிக் பை ஒன்றில் போட்டுவைத்திருந்தாள் ஸமீஹா. அதை எடுத்து உசாமாவிடம் நீட்டினாள்.

“நீங்க வாயே திறக்கல. இதை வாங்கிட்டுக் கெளம்புங்க, இல்ல குழாயில ஒரு கை பிடிங்க. நடுவுல நிக்காதீங்க, சேறு தெறிக்கும்.”

உசாமா பையை வாங்கிக்கொண்டான். ஸமீஹா கையை மடக்கிக்கொண்டு, பார்வையைத் தாழ்த்தாமல் நின்றாள்.

அவன் பையை ஜமீலா பீவியின் கையில் வைத்தான். “பத்திரமா வச்சுக்கோ உம்மா. எனக்கு இப்போ ரெண்டு கையும் வேணும்.”

“காலை அகட்டி நில்லுங்க மாப்ள,” என்று இடம் விட்டார் கருத்தையா. “பையப் பைய திருகணும். அவசரப்பட்டா இடுப்பு போயிரும்.”

“ஏலே, வாப்பா கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ,” என்றார் ஜமீலா பீவி. சொன்னாரே தவிர, காருக்குத் திரும்பவில்லை. மோதிரப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே நின்றார்.

ஐந்தாவது மீட்டர் மண் கருநீலமாக வந்தது. ஸமீஹா ஒரு துளி கிள்ளி, மாமியின் கண்முன்னே முன்பல்லில் வைத்து, நிதானமாகக் கடித்தாள். வழுக்கியது.

“கடலு,” என்றாள். “தெருவுல கேட்டா சொல்லுங்க மாமி, இன்னைக்கு ரெண்டு தடவை தின்னாளாம்னு.”