ஆளில்லாத படம்

திருப்பூரில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் ஆட்களைப் படம் பிடிக்க வேண்டும். கல்யாண ஜோடி, மொட்டை போட்ட குழந்தை, ஆயுத பூஜையன்று மாலையும் கழுத்துமாக நிற்கும் பனியன் கம்பெனி முதலாளி, இப்படி யாராவது ஒருத்தர் படத்தில் இருந்தாக வேண்டும். இந்தச் சின்ன நியாயம் கியாசுதீனுக்குப் பதினாறு வருடமாக நன்றாகவே தெரிந்திருந்தது. அறுபத்து மூன்றாம் வருடம், தை மாதத்தில் ஒரு விடியற்காலையில் அது அவருக்கு மறந்துபோனது.

முதலிபாளையத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் கல்யாணம். ஸ்டாண்டு கேமராவை சைக்கிளில் கட்டிக்கொண்டு இருட்டோடு கிளம்பியவருக்கு, போகும் வழியில் ஒரு மைல்கல் பக்கம் செயின் கழன்றுவிட்டது. மாட்டிவிட்டு நிமிர்ந்தால் எதிரே மேய்ச்சல் காடு. பனி தரையோடு படுத்திருந்தது. ஒரு கிளுவை வேலி காட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடியது. வேலிக்கு வலப்பக்கம் சற்றுத் தள்ளி ஒற்றைப் பனை, அதற்குப் பின்னால் வெகுதூரத்தில் ஊதியூர் மலை. வேறொன்றும் இல்லை. மாப்பிள்ளை பெண்ணுக்கென்று எடுத்து வந்த கண்ணாடி பிளேட்டில் ஒன்றை மனுசர் அந்தக் காட்டுக்குச் செலவழித்துவிட்டார். வீட்டிலிருந்து ஆறு மைலில் இப்படி ஒன்று தினமும் நடந்துகொண்டிருக்க, ஊராரையெல்லாம் துணியில் எழுதிய தாஜ்மகாலுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டிருந்தோமே என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஆனி முதல் தேதி ஸ்டூடியோ வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். அங்கே எட்டு வருடமாக உட்கார்ந்திருந்த குண்டுக் குழந்தையை எடுத்து உள்ளே வைத்தார். குழந்தையின் கன்னத்துக்கு ரோஸ் பூசியவள் அவர் மனைவி சைதுன்னிசா. ஸ்டூடியோவில் கலர் போடுகிற வேலை முழுக்க அவளுடையது. கறுத்த மாப்பிள்ளைகளெல்லாம் அவள் தூரிகையில்தான் சிவந்தார்கள்.

"ஏனுங்க, இதென்ன?" என்றாள்.

"காடு."

"அது தெரியுது. ஆள் எங்க?"

"ஆள் இல்ல. காடு மட்டுந்தான்."

சைதுன்னிசா சண்டை போடுகிறவள் இல்லை. சண்டை போட்டிருந்தால் அவர் ஜெயித்திருப்பார். அவள் நிதானமாக ஒரு பேச்சு பேசினாள். "ஆனி முடியறவரைக்கும் இருக்கட்டும். அதுக்குள்ள ஒரே ஒருத்தர், ஒருத்தர் போதும், இது படமா நல்லா இருக்குதுன்னு சொல்லோணும். நானே என் காதால கேக்கோணும். நீங்க வந்து சொன்னா நம்பமாட்டேன். யாரும் சொல்லலீன்னா கொழந்தை திரும்பி வந்துரும். அப்பறம் காடு, மேடுன்னு ஒரு பிளேட்டத் தொடக்கூடாது."

கியாசுதீன் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். ஒரு மாதத்தில் ஒருத்தர் சொல்லமாட்டாரா என்ன.

ஜனங்கள் நிற்காமல் இல்லை. நின்றார்கள். முதல் நாளே பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற மருதம்மாள் நின்று, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "யாருங்க பாய் எறந்துட்டாங்க?" என்று தணிந்த குரலில் கேட்டாள். இவ்வளவு பெரிதாக்கிச் சட்டம் போடுவது அந்த ஊரில் செத்தவர்களுக்கு மட்டும்தான். அவள் நியாயம் அவளுக்கு. அடுத்து வந்தவர் இந்த இடம் விலைக்கு வருகிறதா என்று விசாரித்தார். இன்னொருவர் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நின்னவங்க நவுந்துட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்று அனுதாபப்பட்டார். ஒரு பக்தர் அந்த வெற்று இடத்தில் மயிலோடு முருகனைச் சேர்த்துவிட்டால் அம்சமாக இருக்கும் என்று யோசனை சொன்னார். சைதுன்னிசா உள்ளே உட்கார்ந்து ஒரு மணப்பெண்ணின் உதட்டுக்குச் சிவப்பு வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. அதுதான் கியாசுதீனுக்குத் தாங்கவில்லை. இருபது நாளில் மனுசருக்குச் சோறு இறங்காமல் போனது.

இருபத்தோராம் நாள் ஆறுச்சாமி வந்தார். முதலிபாளையத்தில் நிலம் வைத்திருக்கும் காட்டுக்காரர், மகள் ஜாதகத்தோடு மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க ஒரு படம் வேண்டும் என்று வந்தவர். வாசலில் கண்ணாடிப் பெட்டிக்கு முன் அப்படியே நின்றுவிட்டார். மூக்கு கண்ணாடியில் இடித்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. கியாசுதீன் நாற்காலியிலிருந்து எழுந்தார். சைகை காட்டி மனைவியைக் கூப்பிட்டார். அவள் தூரிகையும் கையுமாக வாசலுக்கு வந்தாள்.

"பாய், இது எப்பப் புடிச்சதுங்க?" ஆறுச்சாமியின் குரல் தழுதழுத்தது.

"தையிலங்க. காலங்காத்தால."

"எம்பட கண்ணே கலங்கிப்போச்சுங்க. பனையப் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க," என்று கியாசுதீனும் தழுதழுத்தார்.

"பனைக்கும் வேலிக்கும் நடுவுல நாலு எட்டு தூரம் இருக்குது பாருங்க. சித்திரையில வேலியப் பிரிச்சுக் கட்டறேன்னு சொல்லி, அந்தக் கிட்டுசாமி பனைய அவன் பக்கம் சேத்துக்கிட்டானுங்க. கேட்டா, பனை எப்பவும் எம்பட பக்கந்தானேங்கறான். இப்பச் சொல்லட்டும்."

சைதுன்னிசா தூரிகையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

கிட்டுசாமி, ஆறுச்சாமிக்குப் பங்காளி. ஒரே பாட்டனின் காட்டைப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டு, பிரித்த நாளிலிருந்து முகம் பார்த்துப் பேசாதவர்கள். மறுநாளே பஞ்சாயத்து கூடியது. ஊர்ப் பெரியவர் நாச்சிமுத்துவும் இன்னும் நாலு பேரும் அந்தப் படத்தை மடியில் வைத்து, வேலியைச் சுட்டுவிரலால் தடவித் தடவிப் பார்த்தார்கள். கியாசுதீன் தம் வாழ்நாளில் எடுத்த ஒரே நல்ல படம், கை மாறிக் கை மாறிப் புகையிலைக் கறையோடு சுற்றி வந்தது. சாட்சியாக நின்றவர் துடைக்கத் துண்டை நீட்டினார், யாரும் வாங்கவில்லை.

கிட்டுசாமி அசரவில்லை. "போட்டோ நெசம் பேசும்னு யாருங்க சொன்னது? எம்பட மகன் கல்யாணத்துல இதே பாய்தானுங்க புடிச்சாரு. அதுல நான் செவப்பா இருக்கறன். இப்பப் பாருங்க," என்று தம் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். பஞ்சாயத்தார் முகத்தைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், மறுபடி முகத்தைப் பார்த்தார்கள். "எங்க நின்னு புடிச்சாரோ, எப்படிச் சாச்சுப் புடிச்சாரோ. கிட்ட இருக்கறது தள்ளித் தெரியும்."

அதுவும் சரிதானே என்று நாச்சிமுத்துவுக்குத் தோன்றியது. அதே இடத்தில், அதே நேரத்தில் கேமராப் பெட்டியை நிறுத்தி எல்லாரும் பார்த்துவிடுவது என்று தீர்ப்பானது. நாள் குறித்தார்கள். ஆனி கடைசித் தேதி.

அன்று விடியுமுன் மாட்டுவண்டி வந்தது. கேமராவோடு கியாசுதீன் ஏறினார், பின்னாலேயே சைதுன்னிசாவும் ஏறினாள். "கடைசி நாளுங்களே. கேக்கறதுக்கு நான் இருக்கோணுமல்ல," என்றாள். அவள் குரலில் கேலி இருந்ததா, பரிதாபம் இருந்ததா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

மைல்கல் பக்கத்தில் ஸ்டாண்டை ஊன்றினார்கள். காற்று மாதம், கறுப்புத் துணி படபடவென்று அடித்தது. முதலில் நாச்சிமுத்து துணிக்குள் தலையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே இழுத்துக்கொண்டார்.

"ஏனுங்க பாய், காடு தலைகீழாத் தொங்குதுங்களே."

"லென்ஸுல அப்படித்தானுங்க தெரியும். இடதும் வலதும் மாறித்தான் இருக்கும். கண்ணு பழகிரும்."

பழக்கிக்கொள்ள ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். ஒருவர் துணிக்குள் இருந்தபடியே காடு விழுந்துவிடாமல் தலையில் கட்டிய உருமாலைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் தாமும் தலைகீழானால் சரியாகிவிடும் என்று குனிந்து பார்த்து, ஸ்டாண்டோடு சாயப் போனார். வேலி எந்தப் பக்கம், பனை எந்தப் பக்கம் என்று கேட்டால் ஐந்து பேரும் ஐந்து விதமாகச் சொன்னார்கள். கியாசுதீனுக்குப் படத்தைப் பற்றிய நம்பிக்கை முழுதாகப் போயிற்று.

கடைசியாகக் கிட்டுசாமி. வேண்டா வெறுப்பாகத் துணிக்குள் போனார். போனவர் வரவில்லை. வெளியே அவருடைய இரண்டு கால்களும் வேட்டியும் மட்டும் தெரிந்தன. ஏதோ வாதத்துக்குத்தான் பனைக்கு எத்தனை எட்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். ஆறுச்சாமி இரண்டு முறை கனைத்தும் கால்கள் அசையவில்லை.

ஒருவழியாக வெளியே வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். பிறகு பஞ்சாயத்தாரை விட்டுவிட்டு கியாசுதீனிடம் மெதுவாகக் கேட்டார்.

"இந்தக் காடு எப்பவுமே இப்படித்தான் இருக்குதுங்களா?"

"தெனமும் இப்படித்தானுங்க. இந்த ஒரு அரைமணி நேரம். வெயில் ஏறுச்சுன்னா போயிரும்."

"நாப்பது வருசமா இந்த நேரத்துக்கு நான் இங்கதானுங்க நிக்கறன்," என்றார் கிட்டுசாமி. காட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "பாய், எனக்கு இதொண்ணு புடிச்சுக் குடுங்க. ஊட்டுல மாட்டி வெக்கோணும். ஆனா எம்பட காடு மட்டும் வரோணும். அவனுது ஒரு புல்லுகூட வரக்கூடாது."

"சரிங்க. எதுலிருந்து எதுவரைக்கும் உங்களுதுங்க? கையக் காட்டுங்க. சாமானைத் திருப்பிக்கறேன்."

கிட்டுசாமி கையை நீட்டினார். கிணற்றுமேட்டில் ஆரம்பித்து, வெள்வேல மரங்களைத் தாண்டி, கை அதுபாட்டுக்குப் போய், பனைக்கு நாலு எட்டு இந்தப் பக்கமே நின்றது. நாற்பது வருடம் எல்லையில் நின்று ஆட்டை மறித்த கை அது. சித்திரையில் கட்டிய வேலியெல்லாம் அதற்குத் தெரியாது. கியாசுதீன் கை காட்டிய அளவுக்குப் பெட்டியைத் திருப்பினார்.

கிட்டுசாமி துணிக்குள் போய், உடனே திரும்பி வந்தார். "சப்புன்னு இருக்குதுங்களே. மலையும் காணம், பனையும் காணம்."

"நீங்க காட்டுனதுல பனை வரலீங்களே."

அப்புறம்தான் கிட்டுசாமிக்கு உறைத்தது. ஆறுச்சாமி வாயைத் திறந்தார், நாச்சிமுத்து கையமர்த்தினார். பஞ்சாயத்து மொத்தமும் கிட்டுசாமியின் வாயையே பார்த்தது. பனையும் என்னுடையதுதான், மறந்துவிட்டேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லக்கூடியவர்தான். அவர் இன்னொரு முறை துணிக்குள் தலையை விட்டு, அந்தச் சப்பென்ற காட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

"பனை அவனுதுங்க," என்றார் தரையைப் பார்த்து. "வேலிய நான் நவுத்திக் கட்டிக்கறன். அதையும் சேத்தே புடிங்க. அது இல்லாம காடு நல்லால்லீங்க."

ஆறுச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். ஜெயித்தவர் மாதிரியே அவர் நிற்கவில்லை. "எனக்கும் அதுல ஒண்ணு போட்டுக் குடுங்க பாய்," என்று மட்டும் சொன்னார்.

கியாசுதீன் பெட்டியைப் பழையபடி திருப்பினார். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். அவருக்கு நேர்மை முட்டிக்கொண்டு வந்தது. "நல்லா இருக்குதுன்னு அவரு சொல்லலீயே," என்றார். "நல்லால்லீன்னுதானே சொன்னாரு."

"பனையக் குடுத்துட்டாருங்க," என்றாள் சைதுன்னிசா. "இதுக்கு மேல ஒரு மனுசன் என்னத்தச் சொல்லுவான். உங்க காடு கண்ணாடிப் பொட்டியிலயே இருக்கட்டும்."

கியாசுதீன் அவசரமாகத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார். கேமராக் கண்ணாடியில் பனையும் மலையும் கலங்கித் தெரிந்தன, எவ்வளவு திருகியும் தெளியவில்லை. கலங்கியது லென்ஸ் இல்லை என்று அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் சந்தோஷமாக அப்படியே குனிந்து நின்றார்.

வெளியே கிட்டுசாமிக்குப் பொறுக்கவில்லை.

"வெயில் ஏறுதுங்க பாய்," என்றார். "சட்டுனு புடிங்க."