பதினைந்தாவது கிலோமீட்டர்

எனக்குக் கல்யாணமானபோது மனைவியோடு ஒரு நாயும் வீட்டுக்கு வந்தது. பழுப்பு நிறம், கனத்த உடம்பு, ஒரு காது மட்டும் எப்போதும் மடிந்திருக்கும். பெண் வீட்டிலிருந்து வந்தவன் என்பதால் என் அம்மா அவனுக்குச் சம்பந்தி என்று பேர் வைத்தாள். அவனும் பேருக்கு ஏற்ற மாதிரிதான் நடந்துகொண்டான். நான் கூடத்துக்குள் நுழைந்தால் எழுந்து போய் மூலையில் முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்வான்.

“நம்ம உபசாரம் அவருக்குப் போதல போலிருக்கு,” என்பாள் அம்மா.

இது நடந்து இருபத்திரண்டு வருடமாகிறது. மனைவி அப்போது நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவளாக இருந்தாள். சம்பந்தியை ஒரு நெடுந்தூர ஓட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பது அவளுடைய மூன்று வருட ஆசை. நாய் வளர்ப்போர் சங்கம் நடத்தும் சோதனை அது. வளர்ப்பவர் சைக்கிள் மிதிக்க, பக்கத்தில் நாய் இருபது கிலோமீட்டர் ஓட வேண்டும். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி, டாக்டர் நாயின் பாதங்களைப் பார்ப்பார். முதல் வருடம் அவளுடைய அப்பா படுக்கையில் இருந்தார். அடுத்த வருடம் அவர் இல்லை. மூன்றாவது வருடம் கல்யாணப் பேச்சில் போனது. எட்டு வயது முடிந்த நாயைச் சேர்க்க மாட்டார்கள். சம்பந்திக்கு அந்தக் கோடையோடு எட்டு முடியப்போகிறது.

சோதனைக்கு ஆறு வாரம் இருக்கும்போது மனைவி அலுவலகப் படியில் சறுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டி இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது நாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள்.

“உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?”

“பள்ளிக்கூடத்துல ஓட்டினது.”

“போதும். நாயை மூணு மாசமா பழக்கியாச்சு. இனிமே உங்களைத்தான் பழக்கணும்.”

நான் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலும் கீழுமாகப் போகிறவன், நேராகப் போய்ப் பழக்கமில்லை. முதல் நாள் மூன்று கிலோமீட்டரில் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. சம்பந்திக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. ஓடிக்கொண்டே ஒருமுறை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். மாமனார் உயிரோடு இருந்திருந்தால் அப்படித்தான் பார்த்திருப்பார்.

மனைவி ஒரு அட்டவணை வரைந்து சமையலறைக் கதவில் ஒட்டினாள். எந்தத் தெரு, எங்கே திரும்ப வேண்டும், எங்கே தண்ணீர் காட்ட வேண்டும், எல்லாம் பொடிப்பொடி எழுத்தில் இருந்தது. திரும்பி வந்ததும் ஒவ்வொரு பாதத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னாள். கை வைத்தாலே காலை இழுத்துக்கொண்டிருந்தவன், பத்து நாளில் தானாக நீட்ட ஆரம்பித்தான்.

இரண்டாவது வாரம் அட்டவணைப்படி கால்வாய்க் கரைச் சாலைக்குப் போனோம். அங்கே பம்ப் அறைக்கு எதிரே ஒரு சிமெண்ட் பெஞ்ச். அதன் பக்கத்தில் போனதும் சம்பந்தி சட்டென்று நின்று, தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். இழுத்தேன், கெஞ்சினேன், மிரட்டினேன். அசையவே இல்லை. பத்து நிமிடம் கழித்து அவனாகவே எழுந்து கிளம்பினான். மறுநாளும் அதே கதை. ஒரு நாயைச் சமாளிக்கத் தெரியவில்லையே என்று சிரிப்பாள் என்று அவளிடம் சொல்லவில்லை. நான்காவது நாள் வேலைக்குத் தாமதமாகி மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் சொன்னேன்.

“எந்த பெஞ்ச்?” என்றாள்.

“பம்ப் ரூமுக்கு எதிர்ல.”

கையிலிருந்த பென்சில் நின்றது. “அப்பா போனப்புறம் தினமும் இவனைக் கூட்டிட்டு நடக்கப் போறேன்னு சொல்லிட்டு அங்க போயிடுவேன்,” என்றாள். “அம்மா முன்னாடி அழக் கூடாதுன்னு. அங்க உக்காந்து அழுதுட்டு, பம்ப் ரூம் குழாய்ல முகத்தைக் கழுவிட்டு வீட்டுக்குப் போவேன். நான் எந்திரிக்கிற வரைக்கும் இவன் உக்காந்திருப்பான்.”

“எவ்வளவு நேரம் இருப்பே?”

“யாரு பார்த்தா? ரொம்ப நேரம் மாதிரி இருக்கும்.”

“பத்து நிமிஷம்,” என்றேன். “நான் கடிகாரத்துல பார்த்தேன்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றுவரை.

மறுநாள் அங்கே போனபோது நானும் சைக்கிளை நிறுத்திவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். கால்வாயில் தண்ணீர் அதிகமில்லை. அக்கரையில் ஒரு ஆள் லாரி டயரைக் கழுவிக்கொண்டிருந்தான். மாமனாரை நான் பார்த்ததே இல்லை. அவர் எப்படி இருந்திருப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் ஆனதும் மூவரும் கிளம்பினோம் என்று எழுத வருகிறது; நாங்கள் இரண்டு பேர்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் அட்டவணையில் கால்வாய்ச் சாலைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி: ‘பெஞ்ச் – 10 நிமிடம்.’

அந்தக் காலை நேரங்கள் இப்போதும் நினைவுக்கு வரும். ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் சூடு ஆறக் காத்திருக்கும்போது வரும். ஈரச் சாலையில் நகங்கள் தட்டும் சத்தமும், என் சைக்கிள் சங்கிலியின் கிறீச்சும், கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து, “எத்தனை?” என்று அவள் கேட்பதும். பன்னிரண்டு என்பேன். பதினான்கு என்பேன்.

சோதனை நாள் வந்தது. அவளை முடியும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனேன். பதினோரு நாய்கள். சம்பந்தி சீராக ஓடினான். எட்டாவது கிலோமீட்டரில் டாக்டரம்மா பார்த்துவிட்டுப் பழுதில்லை என்றார். பதினைந்தாவதில் பின்னங்காலைத் தூக்கியவர் விடவில்லை.

“தோல் தேஞ்சிருக்கு. இன்னும் கிழியல. விதிப்படி ஓட விடலாம், அஞ்சு கிலோமீட்டர்தானே. நீங்கதான் சொல்லணும்.”

குனிந்து பார்த்தேன். கருத்த பாதத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு ரோஜா நிறம் தெரிந்தது. கட்டைவிரலை மெதுவாக வைத்தேன். ஒரு மாதமாகத் தானாக நீட்டிக்கொண்டிருந்தவன், அன்றைக்குப் பாதத்தை இழுத்துக்கொண்டான். ஆனால் கண் மட்டும் முன்னே போகிற நாய்களின் மேலேயே இருந்தது. விட்டால் ஓடியிருப்பான். அவளைக் கேட்கலாம் என்றால் என்னிடம் செல்போன் கிடையாது.

“போதும் டாக்டர்,” என்றேன்.

சங்கத்தின் வேனில் ஏற்றிவிட்டார்கள். வழியில் தாண்டிப்போன ஒவ்வொரு நாயையும் பார்த்து ஜன்னல் வழியாகக் குரைத்துக்கொண்டே வந்தான். வேன் போய் நின்றதும் அவள் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தாள். மறுபடி உட்கார்ந்து அவன் காலை மடியில் வைத்து, டாக்டர் போட்ட கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். பிறகு தன் முறைப்படி திரும்பக் கட்டினாள்.

வீட்டில் அம்மா மட்டும்தான் பேசினாள். சாயங்காலம் நான் சைக்கிளைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தபோது, மனைவி கட்டிலில் சாய்ந்திருந்தாள். சம்பந்தி கீழே தூங்கிக்கொண்டிருந்தான்.

“நானா இருந்தா ஓட விட்டிருப்பேன்,” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். குரலில் கோபமும் இல்லை, வேறெதுவும் தெரியவில்லை. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

சம்பந்தி அதற்குப் பிறகு ஐந்து வருடம் இருந்தான். இன்னொரு நாய் நாங்கள் வளர்க்கவில்லை. அவள் அன்றைக்குச் சொன்னது என்னைக் குறை சொன்னதா, இல்லை தன்னைத்தானா என்று எனக்கு இன்னும் தெரியாது. கேட்டால் சொல்லிவிடுவாள். நான் கேட்டதில்லை.